விஎம்முக்கு வீட்டு நெட்வொர்க்கில் ஓர் இடம்: பிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது?

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, ரேம் கூட்டி, லினக்ஸ் ஏற்றி வீட்டு சர்வராக ஓடவிடுவது இப்போது மதுரைப் பக்கமும் சாதாரணமாகிவிட்டது. அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், உருவாக்கி அதில் வீடியோக்களை வீட்டுக்குள் பரிமாறும் ஜெல்லிஃபினைப் போடுகிறோம். சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்த வீடியோக்களை வீட்டு டிவியிலேயே பார்க்கலாம் என்று ஆசை. விஎம்முக்குள் இருந்து பார்த்தால் இன்டர்நெட் வருகிறது, அப்டேட் இறங்குகிறது. ஆனால் ஹாலில் இருக்கும் டிவி ஜெல்லிஃபினைக் கண்டுபிடிப்பதே இல்லை. போனில் முகவரியை அடித்தாலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. திருப்பரங்குன்றத்தில் இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டதும் இதைத்தான்: “அண்ணே, விஎம்ல இருந்து வெளிய போக முடியுது. வெளிய இருந்து விஎம்முக்கு வர முடியல. ஃபயர்வால ஆஃப் பண்ணியும் பாத்துட்டேன்.”

வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தாலும் இது தீராது. அந்த விஎம் வீட்டு நெட்வொர்க்கிலேயே இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பிரிட்ஜின் வேலை. இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. அது புரிந்தால், ஆரம்பத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் அத்தனை சிக்கலுக்கும் காரணம் தெரிந்துவிடும். அந்த ஒன்றுக்கு மெதுவாகப் போவோம்.

விஎம் இப்போது எங்கே இருக்கிறது?

விஎம்முக்குள் போய் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்மை, அதை நிர்வகிக்கும் லிப்வர்ட் வழியாகப் பயன்படுத்தினால், வேறு எதையும் மாற்றாத வரை, அது 192.168.122 என்று தொடங்கும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விஎம் மென்பொருள் என்றால் பெரும்பாலும் 10.0.2.15. இப்போது போனின் வைஃபை அமைப்பைத் திறந்து அதன் முகவரியைப் பாருங்கள். 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும், ரவுட்டரைப் பொறுத்து. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். ஹாலில் உள்ள டிவிக்கு 192.168.122 என்று ஒன்று இருப்பதே தெரியாது. ரவுட்டருக்கும் தெரியாது.

அப்படியானால் விஎம்முக்கு இன்டர்நெட் எப்படி வருகிறது? நேட் என்ற ஏற்பாட்டால். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வளவு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஐந்தாறு குடித்தனம். உள்ளே இருப்பவர்கள் எழுதும் கடிதம் எல்லாம் வீட்டுக்காரர் முகவரியைப் போட்டே வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால், யார் எழுதியதற்கு வந்த பதில் என்று வீட்டுக்காரர் தன் நோட்டில் பார்த்து அந்தக் குடித்தனத்துக்குக் கொடுக்கிறார். ஆனால் யாரும் எழுதாமல் புதிதாக ஒரு கடிதம் வந்தால், அது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. இதுதான் நேட். வீட்டுக்காரர் இங்கே உங்கள் சர்வர், குடித்தனங்கள் விஎம்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு எண் வாங்கிக் கொடுத்து, தபால்காரரை நேராக உள்ளே வரவிட்டால் அது பிரிட்ஜ்.

நேட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விர்ச்சுவலைசேஷன் மென்பொருள்கள் நேட்டைத் தொடக்க அமைப்பாக வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. அது வைஃபையிலும் ஓடும், சர்வரின் சொந்த நெட்வொர்க் அமைப்பைத் தொடாது, வெளியிலிருந்து யாரும் விஎம்மைத் தட்ட முடியாது. ஏதோ ஒன்றைச் சோதித்துப் பார்க்க மட்டும் விஎம் வைத்திருந்தால் நேட்டே போதும். மற்ற சாதனங்களுக்குச் சேவை தர வேண்டிய விஎம்முக்குத்தான் அது காணாது.

சர்வரின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவைக்கான எண்ணுக்கு, வருவதை விஎம்முக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆகும். ஜெல்லிஃபினின் 8096, வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட்டின் 8123 என்று ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்துகொண்டே போகலாம். ஆனால் வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் விதம் வேறு. டிவியில் உள்ள செயலி ‘இங்கே ஜெல்லிஃபின் யாராவது இருக்கிறீர்களா?’ என்று நெட்வொர்க் முழுக்கக் கூவிக் கேட்கிறது. அந்தக் கூவலுக்குப் பெயர் பிராட்காஸ்ட். ஸ்மார்ட் பல்புகள், பிரிண்டர்கள், தண்ணீர்த் தொட்டியின் அளவைச் சொல்லும் சென்சார்கள் எல்லாம் 224.0.0.251 போன்ற மல்டிகாஸ்ட் முகவரிகளில் தங்களை அறிவித்துக்கொள்கின்றன. இந்தக் கூவல்கள் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் கேட்பவை, நேட்டைத் தாண்டி வராது. ஹோம் அசிஸ்டன்ட்டை நேட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மாடித் தொட்டி சென்சார் ஏன் தானாகத் தெரியவில்லை என்று தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பிரிட்ஜ் என்பது ஒரு ஸ்விட்ச்

ரவுட்டரின் பின்பக்கம் வரிசையாக நான்கு லேன் போர்ட் (இங்கே போர்ட் என்பது வயர் செருகும் துளை) இருக்கிறதே, அதற்குள் இருப்பது ஒரு ஸ்விட்ச். கடையில் தனியாகவும் ஐந்து போர்ட், எட்டுப் போர்ட் என்று கிடைக்கும். அதன் வேலை எளியது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. ஒரு போர்ட்டில் ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு பொட்டலம், உள்ளே வந்ததும், அதை அனுப்பியவரின் மேக் முகவரியை ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது: இன்னார் இந்தப் போர்ட்டில் இருக்கிறார். அப்புறம் அது யாருக்குப் போக வேண்டும் என்று பார்க்கிறது. அந்த முகவரி பட்டியலில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். பிராட்காஸ்ட் என்றாலும் எல்லாப் போர்ட்டுக்கும்தான்.

லினக்ஸ் பிரிட்ஜ் செய்வதும் வரி பிசகாமல் இதே வேலைதான். பெட்டிக்குப் பதிலாக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் நிரல் அதைச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். யார் எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல் அதற்கும் உண்டு. 300 விநாடி ஒருவரிடமிருந்து சத்தமே இல்லை என்றால் அவருடைய வரியை அழித்துவிடும். கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னல் 2.6.20இல் சேர்ந்தது. அப்போதே கெர்னலில் பிரிட்ஜ் இருந்தது. விஎம்களுக்கென்று புதிய நெட்வொர்க் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, இருந்த ஸ்விட்சில் விஎம்களைச் செருகினால் போதுமாக இருந்தது.

எப்படிச் செருகுவது? விஎம் ஓடத் தொடங்கும்போது, சர்வரில் டாப் என்ற வகையைச் சேர்ந்த ஒரு கற்பனை நெட்வொர்க் கார்டு உருவாகிறது. லிப்வர்ட்டில் அதற்கு விநெட்0, விநெட்1 என்று பெயர் வரும். அது ஒரு வயர் மாதிரி. ஒரு முனை விஎம்முக்குள் நெட்வொர்க் கார்டாகத் தெரியும், மறுமுனை பிரிட்ஜில் ஒரு போர்ட்டாகச் செருகப்படும். மூன்று விஎம் ஓடினால் பிரிட்ஜில் மூன்று போர்ட் நிரம்பியிருக்கும். விஎம்மை நிறுத்தினால் அந்த வயர் மறைந்துவிடும்.

சரி, இந்த ஸ்விட்ச் வீட்டு ரவுட்டரோடு சேர வேண்டுமே? அதற்கு இங்கிருந்து ஒரு வயர் அங்கே போக வேண்டும். சர்வரின் பின்னால் இருக்கும் உண்மையான லேன் கார்டைத்தான் அதற்குக் கொடுக்கிறோம். அந்தக் கார்டையும் பிரிட்ஜின் ஒரு போர்ட்டாகச் சேர்த்துவிடுகிறோம்.

முகவரி பிரிட்ஜுக்குச் சொந்தம்

நான் சொன்ன அந்த ஒன்று இதுதான். லேன் கார்டைப் பிரிட்ஜில் சேர்த்த நொடியிலிருந்து அது சர்வரின் நெட்வொர்க் கார்டு என்ற வேலையிலிருந்து விலகி, இரண்டு ஸ்விட்ச்களை இணைக்கும் வெறும் வயராகிவிடுகிறது. வயருக்கு ஐபி முகவரி கிடையாது. எனவே சர்வரின் முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) எல்லாமே லேன் கார்டிலிருந்து பிரிட்ஜுக்கு மாற வேண்டும்.

பிரிட்ஜை உருவாக்கும்போது லினக்ஸ் அதே பெயரில் சர்வருக்கும் ஒரு போர்ட் வைத்துக்கொடுக்கிறது. பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ் உருவாக்கினால், பிஆர்0 என்பது ஸ்விட்சின் பெயரும்தான், அந்த ஸ்விட்சில் சர்வர் தனக்கென்று வைத்திருக்கும் நெட்வொர்க் கார்டின் பெயரும்தான். ஒரே பெயருக்கு இரண்டு வேலை இருப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். படம் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து ரவுட்டருக்கு ஒரு வயர், ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு வயர், சர்வருக்கும் ஒரு வயர். இந்தப் படத்தில் சர்வரும் விஎம்களும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. ரவுட்டருக்கு அவை ஒரே வயரில் வரும் தனித்தனி கம்ப்யூட்டர்களாகவே தெரியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் டிஹெச்சிபி என்ற, கேட்பவருக்கு ஐபி ஒதுக்கும் முறை மூலம் தானே முகவரி கொடுக்கும்.

லேன் கார்டிலும் ஒரு முகவரி, பிரிட்ஜிலும் ஒரு முகவரி என்று விட்டுவைத்தால் என்ன ஆகும்? பாக்கெட்டுகள் எந்த வழியில் போவது என்று கெர்னலின் வழிப்பட்டியலில் இரண்டு வரி உண்டாகும். ஒரு சமயம் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், ஒரு சமயம் போகாது. முழுசாக வேலை செய்யாத கோளாறைவிட இப்படி அரைகுறையாக வேலை செய்யும் கோளாறுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். லேன் கார்டில் முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அமைப்பது

விஎம்களை ஓட்டுவதற்கென்றே உள்ள பிராக்ஸ்மாக்ஸ் நிறுவியிருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. நிறுவும்போதே சர்வருக்கு என்ன முகவரி என்று கேட்டு, விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜைத் தானே உருவாக்கிவிடுகிறது. பிரவுசரில் 8006 போர்ட்டில் அதன் பக்கத்தைத் திறந்து, நோடின், அதாவது சர்வரின், பெயரைத் தொட்டு, சிஸ்டம், நெட்வொர்க் என்று போங்கள். லேன் கார்டுக்கு எதிரே முகவரி இடம் காலியாக இருக்கும். விஎம்பிஆர்0க்கு எதிரே முகவரியும் கேட்வேயும் இருக்கும், அதன் பிரிட்ஜ் போர்ட்ஸ் கட்டத்தில் லேன் கார்டின் பெயர் இருக்கும். மேலே சொன்ன படம் அப்படியே அந்தத் திரையில் இருப்பதைப் பார்க்கலாம். புதிய விஎம் உருவாக்கும்போது நெட்வொர்க் பகுதியில் விஎம்பிஆர்0ஐயும், மாடல் என்ற இடத்தில் விஎம்களுக்கென்றே உள்ள கார்டு வகையான விர்ட்ஐஓவையும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. முதல்முறையாக வீட்டு சர்வர் வைப்பவர்களுக்கு நான் பிராக்ஸ்மாக்ஸைச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

விண்டோஸ் விஎம் என்றால் மட்டும் ஒரு விஷயம். விர்ட்ஐஓ டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. அதைத் தனியாக நிறுவும் வரை நெட்வொர்க் கார்டே இல்லாதது போலத் தெரியும். அதுவரைக்கும் மாடலை இன்டெல் இ1000 என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சர்வர் பதிப்பில் நீங்களேதான் செய்ய வேண்டும். அங்கே நெட்வொர்க் அமைப்பு நெட்பிளான் கோப்பில் இருக்கிறது. லேன் கார்டின் பகுதியில் டிஹெச்சிபியை அணைத்து, முகவரி எதுவும் இல்லாமல் விடுங்கள். அப்புறம் பிரிட்ஜஸ் என்ற பகுதியைச் சேர்த்து, பிஆர்0 என்று பெயர் வைத்து, அதன் இன்டர்ஃபேசஸ் வரியில் லேன் கார்டின் பெயரைக் கொடுத்து, முகவரி, கேட்வே, டிஎன்எஸ் (பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) மூன்றையும் பிஆர்0இன் கீழ் எழுதுங்கள். கோப்பை உடனே அமலாக்காமல், நெட்பிளானின் ‘ட்ரை’ கட்டளையைக் கொடுங்கள். அது புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் நீங்கள் என்டர் தட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்ப முயலும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்யும்போது இது பெரிய ஆறுதல். ஆனாலும் பிரிட்ஜ் விஷயத்தில் இந்தத் திரும்பும் வசதியை மட்டும் நம்பக் கூடாது. சர்வரில் ஒரு மானிட்டரும் கீபோர்டும் செருகி வைத்துவிட்டே தொடங்குங்கள். முகவரியை ஒரு கார்டிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றும் இடைவெளியில் இணைப்பு அறுவது இயல்பு.

பிரிட்ஜ் வந்த பிறகு, லிப்வர்ட்டுக்கான திரையான விர்ட்-மேனேஜரில் விஎம்மின் நெட்வொர்க் கார்டைத் திறந்து, நேட் என்று இருப்பதைப் பிரிட்ஜ் டிவைஸ் என்று மாற்றி, பிஆர்0 என்று பெயர் கொடுத்தால் போதும்.

முகவரிகளைக் கொஞ்சம் யோசித்து ஒதுக்குங்கள். ரவுட்டர் டிஹெச்சிபிக்கு 192.168.1.100 முதல் 200 வரை என்று எல்லை வைத்துவிட்டு, சர்வருக்கு 192.168.1.10 என்று நிலையாகக் கொடுக்கலாம். விஎம்களுக்கு 11, 12 என்று தொடரலாம், அல்லது அவற்றின் மேக் முகவரியை ரவுட்டரில் பதிந்து ஒதுக்கீடு செய்யலாம். சில லினக்ஸ் பதிப்புகளில் பிரிட்ஜுக்கு லேன் கார்டிலிருந்து வேறுபட்ட மேக் முகவரி அமைந்துவிடும். பழைய மேக்குக்கு ஒதுக்கீடு செய்திருந்தால் சர்வர் திடீரென்று வேறு ஐபியில் போய் உட்கார்ந்துவிடும். சர்வருக்கு நிலையான முகவரி கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். கரண்ட் போய் வரும் நேரத்திலும் இது உதவும். ஃபைபர் பெட்டி எழுந்து நிற்பதற்கு முன்பே சர்வர் எழுந்துவிட்டால், டிஹெச்சிபி கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வைஃபையில் ஏன் முடியாது

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் துளைத்து வயர் இழுக்க யாருக்கும் மனம் வராது. ஃபைபர் பெட்டி வாசல் பக்கம் இருக்கும், சர்வரோ மாடி அறையில். வைஃபை கார்டையே பிரிட்ஜில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்க்கப் போனால் லினக்ஸ் மறுத்துவிடும்.

காரணம் வைஃபையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஈதர்நெட் வயரில் போகும் பாக்கெட்டில் அனுப்புபவர் மேக், பெறுபவர் மேக் என்று இரண்டு முகவரி. ஸ்விட்ச் நடுவில் எத்தனை இருந்தாலும் அனுப்புபவரின் மேக் மாறாமல் போகும். வைஃபையின் 802.11 தரத்தில், ஒரு சாதாரணச் சாதனம் ரவுட்டருக்கு அனுப்பும் பாக்கெட்டில் மூன்று முகவரி மட்டுமே உண்டு: ரவுட்டரின் வைஃபை, அனுப்பும் கார்டு, கடைசியில் பெற வேண்டியவர். ‘வானொலி அலையில் அனுப்பும் கார்டு இது, உண்மையில் இதை எழுதியவர் இன்னொருவர்’ என்று சொல்ல நான்காவது இடமே இல்லை. விஎம் தன் சொந்த மேக்கைப் போட்டு அனுப்பினால், பாஸ்வேர்ட் கொடுத்துத் தன்னோடு இணைந்திராத அந்த முகவரியை ரவுட்டர் ஒதுக்கித் தள்ளிவிடும். பிரிட்ஜின் உயிரே ஒரு வயரில் பல மேக் முகவரிகள் போய்வருவதில் இருக்கிறது. அதையே வைஃபை அனுமதிப்பதில்லை.

நான்கு முகவரி முறை என்று ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் அதை ஆதரித்தால்தான் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸில் வைஃபை வழியாகப் பிரிட்ஜ் வேலை செய்கிறதே என்று கேட்பார்கள். அங்கே விஎம்மின் மேக்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் வைஃபை கார்டு மேக்கை ஒட்டி அனுப்புகிறது அந்த மென்பொருள். திரும்பி வருவதைப் பிரித்துக் கொடுக்கிறது. லேப்டாப்பில் சோதித்துப் பார்க்க அது போதும். நாள் முழுக்க ஓடும் சர்வருக்கு அதை நான் நம்ப மாட்டேன்.

வயர் இழுங்கள், அதுவே நேரான வழி. கேட்6 வயர் 100 மீட்டர் வரை போகும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். அல்லது சர்வரையே ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையைவிட, கீழ்த்தளத்தில் காற்றோட்டமான மூலை ஒன்று கம்ப்யூட்டருக்கும் நல்லது. இரண்டுமே முடியாத இடத்தில், பல பெட்டிகளால் வைஃபையைப் பரப்பும் மெஷ் ரவுட்டரின் இரண்டாவது பெட்டியை மாடியில் வைத்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து சர்வருக்கு ஒரு சின்ன வயர் போட்டுக்கொள்ளலாம்.

ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது

விஎம்முக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், டிஹெச்சிபி கேட்ட குரலுக்குப் பதிலே வரவில்லை என்று பொருள். விஎம்மிலிருந்து முதலில் சர்வரைப் பிங் செய்யுங்கள், அப்புறம் ரவுட்டரை. டிஹெச்சிபி இல்லாததால் இதற்காக விஎம்முக்குத் தற்காலிகமாக ஒரு முகவரியை நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். சர்வர் பதில் சொல்லி ரவுட்டர் சொல்லாவிட்டால், ஸ்விட்ச் ஓடுகிறது, வெளியே போகும் வயரில்தான் கோளாறு. லேன் கார்டு உண்மையிலேயே பிரிட்ஜில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வரே பதில் சொல்லாவிட்டால் விஎம்மின் டாப் வேறு எங்கோ செருகியிருக்கும், பெரும்பாலும் பழைய நேட் நெட்வொர்க்கில்.

எல்லாம் சரியாக இருந்தும் பாக்கெட் வெளியே போகவில்லை, அதே சர்வரில், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரும் ஓடுகிறது என்றால், சந்தேகத்தை டாக்கர் பக்கம் திருப்புங்கள். டாக்கர் தன் பாதுகாப்புக்காக, கடந்துபோகும் பாக்கெட்டுகளைத் தடுப்பதையே ஃபயர்வாலின் இயல்பான கொள்கையாக வைக்கிறது. கூடவே, பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டுகளையும் ஃபயர்வால் சோதிக்கும்படி செய்யும் ஒரு கெர்னல் மாட்யூல் ஏறியிருந்தால், விஎம்களின் பாக்கெட்டும் அதில் மாட்டிக்கொள்ளும். நேற்று வரை ஓடிய விஎம், டாக்கர் நிறுவியதும் ஊமையாகிவிடுவது இதனால்தான். விதிகளைத் திருத்திச் சரிசெய்யலாம். என்னைக் கேட்டால், டாக்கருக்கென்று ஒரு விஎம் உருவாக்கி அதற்குள் போட்டுவிடுங்கள். சர்வரின் நெட்வொர்க்கை ஒருவர் மட்டும் ஆளட்டும்.

இரண்டு விஎம்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு மாறி மாறி இணைப்பை இழந்தால், ஒன்றை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கினீர்களா என்று யோசியுங்கள். இரண்டுக்கும் ஒரே மேக் இருந்தால், ஸ்விட்ச் அந்த மேக்கை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வேறு வேறு போர்ட்டில் குறித்துக்கொண்டே இருக்கும். லிப்வர்ட் தரும் மேக்குகள் 52:54:00 என்றும், விர்ச்சுவல்பாக்ஸ் தருபவை 08:00:27 என்றும் தொடங்கும். மீதி மூன்று பகுதிகளும் ஒவ்வொரு விஎம்முக்கும் வேறாக இருக்க வேண்டும். உபுண்டு விஎம் என்றால் மேக்கை மாற்றியும் இரண்டுக்கும் ஒரே ஐபி வரலாம். அது டிஹெச்சிபி கேட்கும்போது மெஷின் ஐடி என்ற கோப்பிலிருந்து தன் அடையாளத்தை எடுத்துக்கொள்கிறது, நகலில் அந்தக் கோப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

சர்வரில் இரண்டு லேன் போர்ட் இருந்தால் ஓர் எச்சரிக்கை. இரண்டையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்து, இரண்டு வயரையும் ஒரே ரவுட்டரில் செருகிவிடாதீர்கள். ஒரு பிராட்காஸ்ட் ஒரு வயரில் போய் மறு வயரில் திரும்பி வந்து, மறுபடி போய், நிற்காமல் சுற்றும். சில விநாடிகளில் வீடு முழுக்க நெட் படுத்துவிடும். இப்படிச் சுழல் உண்டானால் ஒரு வழியைத் தானாக அடைத்துவிடும் முறையை, டிஇசி என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்தார். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். 1990இல் 802.1டி என்ற தரமாகியது. லினக்ஸ் பிரிட்ஜிலும் அது உண்டு. ஆனால் அது இயங்கும்போது புதிதாகச் செருகிய ஒவ்வொரு போர்ட்டையும் 15 விநாடி கவனித்து, இன்னொரு 15 விநாடி கற்றுக்கொண்டு, அப்புறம்தான் பாக்கெட்டை விடும். அந்த அரை நிமிடத்துக்குள் விஎம் டிஹெச்சிபி கேட்டுச் சலித்துப்போய்விடலாம். வெளியே போக ஒரே ஒரு வயர் உள்ள வீட்டு சர்வரில் சுழலுக்கு வழியே இல்லை என்பதால் அணைத்து வைக்கலாம். பிராக்ஸ்மாக்ஸ் அப்படித்தான் அமைக்கிறது. நெட்பிளான் அதை இயல்பாக இயக்கி வைக்கும், எனவே அங்கே நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

வயர் இல்லாத பிரிட்ஜ்

பிரிட்ஜில் லேன் கார்டைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்த உண்மையான கார்டும் இல்லாமல் இரண்டாவதாக ஒரு பிரிட்ஜ் உருவாக்கி, அதில் விஎம்களை மட்டும் செருகலாம். அது வெளியோடு தொடர்பே இல்லாத தனி ஸ்விட்ச். ஒரு வெப்சைட் விஎம்முக்கும் அதன் டேட்டாபேஸ் விஎம்முக்கும் இடையில் இப்படி ஒன்றைப் போட்டால், டேட்டாபேஸை டிவியோ விருந்தாளியின் போனோ தொட முடியாது. வெப்சைட் விஎம்முக்கு மட்டும் இரண்டு கார்டு, ஒன்று பிஆர்0இல், மற்றது உள் பிரிட்ஜில். ஒரே பிரிட்ஜில் உள்ள விஎம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது சர்வரை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே லேன் கார்டின் ஒரு கிகாபிட் எல்லை அவற்றைக் கட்டுப்படுத்தாது. நெட்வொர்க் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வகம் கிடைக்காது. ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கட்டிப் பார்க்கலாம், உடைத்தாலும் வீட்டு நெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பிஆர்0இல் நிற்கும் விஎம்முக்கு நேட் தந்த மறைப்பு இனி இல்லை. வீட்டு வைஃபையில் சேரும் யாரும் அதைத் தட்டலாம். எனவே எஸ்எஸ்ஹெச்சுக்குப் பாஸ்வேர்டை அணைத்துச் சாவி மட்டும் வைப்பது, விஎம்முக்குள் ஃபயர்வாலைப் போட்டு வேண்டிய போர்ட்டை மட்டும் திறப்பது இரண்டையும் அன்றே செய்துவிடுங்கள். ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான வைஃபை வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் அந்த வைஃபையை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்தே வைக்கும்.

வெளியூரில் இருந்து ஜெல்லிஃபினைப் பார்க்க வேண்டும் என்பது வேறு கேள்வி, அதற்குப் பிரிட்ஜ் பதில் சொல்லாது. விஎம்முக்குக் கிடைத்திருக்கும் 192.168 முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனமே உங்களையும் பல வாடிக்கையாளர்களையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இன்டர்நெட் வழியே உங்கள் சாதனங்களை மட்டும் இணைக்கும் தனி வழி) ஒன்றை விஎம்மிலும் போனிலும் போட்டுக்கொண்டால், இரண்டும் தாமே வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும். பிரிட்ஜில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.